கொடியைப் பிடித்திருப்பவள்

அக்கா,

நத்தார்ப் பண்டிகை நெருங்குகிறது. பேத்தி இன்று தேன்மெழுகில் செய்த மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி மேசையில் வைத்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் கை தன்பாட்டில் உங்கள் ஒலிநாடாவைத் தேடிப் போனது.

கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த ஆண்டு பதிந்தது அது. வாகரைப் பக்கத்து வேடர் குடும்பத்தில் பிறந்த நீங்கள், ஜேர்மன் நகரான எர்லாங்கனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தீர்கள். தேன் எடுக்கப் போனவனின் கதையை முழுதாகத் தெரிந்த உங்கள் பெரியம்மா அலையோடு போய்விட்டார். மிச்சம் நீங்கள் மட்டும். உங்கள் தொண்டையிலோ கட்டி. வெட்டி எடுத்தால் குரல் திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

வேடர் கதைகளைச் சேர்க்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளை பதிவுக் கருவியை என்னை நம்பித்தான் தந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் எதையும் ஒருதரம் காட்டினால் போதும் எனக்கு. அறையில் வேறு சத்தம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான் மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் கொஞ்சம் சொன்னீர்கள். நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். மறுபடி கொஞ்சம், மறுபடி நிறுத்தல்.

"என்னகா, செத்துப்போனியா?" என்று உங்கள் ஊர்ப் பேச்சில் சீண்டினீர்கள்.

நான் கருவியைக் காட்டி வாயில் விரல் வைத்தேன்.

"கேக்கிற ஆள் ஓம் சொல்லாட்டி கதை நடக்காது புள்ள. எங்கட ஆக்கள் சுவருக்குக் கதை சொல்றல்ல."

அதற்கு மேல் அன்று உங்கள் தொண்டை இடம் தரவில்லை. விடிந்தால் சத்திரசிகிச்சை.

காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் மறுபடி தொடங்கினோம். இந்த முறை விடாமல் ஓம் ஓம் என்று ஆமோதித்தேன். மலை உச்சியில் மைத்துனன் காட்டுக்கொடியைப் பிடித்திருக்கிறான். தேன் எடுப்பவன் கீழே அதன் மறுநுனியில் அந்தரத்தில் தொங்குகிறான். மேலே இருப்பவன் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். "இருக்கிறியா?" என்று கூப்பிடுவான். "ஓம்" என்று வந்தால்தான் அடுத்த அடி.

அந்த இடத்தில் கதவு திறந்தது. கட்டிலைத் தள்ளிப்போக ஆள் வந்துவிட்டான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எனக்குத் தெரிந்த டொச் மொழியில் கெஞ்சினேன். தலையை ஆட்டினான், ஏலாதாம்.

"அவன் தள்ளட்டும். நீ நடகா" என்றீர்கள்.

சக்கரம் உருண்டது. கருவியை உங்கள் வாயருகே பிடித்துக்கொண்டு ஓடினேன். உங்கள் குரல் வெறும் காற்றாகிக்கொண்டிருந்தது. தேனீ கொத்துகிறது, ஓம். லிப்ட் மணி அடித்தது. புகை கண்ணை மறைக்கிறது, ஓம். மைத்துனனின் கை கிழிந்து இரத்தம் வழிகிறது, ஓம். எதிரே கண்ணாடிக் கதவு தெரிந்தது. அதற்கு அப்பால் என்னை விடமாட்டார்கள். தள்ளியவன் என்ன நினைத்தானோ, நடையைக் குறைத்தான். கதவடியில் நின்றேவிட்டான்.

"கடைசியா ஒருக்காக் கூப்பிட்டான். இருக்கிறியா?"

உங்கள் முகத்தருகே குனிந்தேன். நீங்கள் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

"ஓம் அக்கா."

"அப்ப ஏறி வந்திட்டான்."

கதவு மூடிக்கொண்டது.

அதன் பிறகு சில காலம் கையாலேயே பகிடி விட்டு என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டு இருந்தீர்கள். பிறகு நீங்களும் இல்லை. கதையின் பிரதி ஒன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, சக்கரச் சத்தம், லிப்ட் மணி, என் ஓம் எல்லாத்தோடும். அங்கே கேட்பவர்கள் ஓம் சொல்லுவார்களோ, தெரியாது.

இன்று நாடாவை ஓடவிட்டேன். "இருக்கிறியா?" என்று நீங்கள் கேட்டதும், அதில் என் குரல் வருவதற்கு முன்னமே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பேத்தி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். சொல்லாமல் எப்படி இருப்பேன்? கீழே நீங்கள் அல்லவா தொங்குகிறீர்கள்.