றிஸ்னாவின் கொம்பியூட்டர் அணையவில்லை

கல்முனைக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஹிஷாமுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் வாப்பாவும் தங்கச்சி றிஸ்னாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கத்தார் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அடிக்கடி போனில் கதைக்கிற உம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நான் போனை எடுத்தால் வாப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. உன் கூட்டாளி சுலக்சனின் மச்சான் நாளைக்கு டோஹாவுக்குப் போகிறார், கருவாட்டுப் பொதியோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். றிஸ்னாவின் கொம்பியூட்டருக்கு நீ வாங்கச் சொன்ன கிராபிக் கார்டில் ஒரு பிழையும் இல்லை. வேறு ஆள் பாவித்த கார்டை வாங்க வைத்துத் தங்கச்சியின் வீடியோ வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று போன கிழமை திரும்பத் திரும்பச் சொன்னாயே, அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடு. இருக்கிற காசுக்குள் வீடியோ ரெண்டர் பண்ணவும் லைவ் போடவும் ஆசைக்கு ஒரு கேம் விளையாடவும் எதெது போதும் என்று நீ பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்ததெல்லாம் சரிதான். பிழை நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது, அது நடு ஹோலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

வாப்பாவுக்குப் புதுச்சாமான் என்றால் பொலித்தீன் இருக்க வேண்டும், உனக்குத் தெரியாததா. மோட்டார் சைக்கிள் சீட்டில் கடையில் போட்ட பொலித்தீன் இன்னும் இருக்கிறது, மத்தியானத்தில் பின்னால் ஏறினால் தோல் உரிகிறது. ரிமோட்டுக்கு உறை, பிரிட்ஜ் கதவில் நீலத் தாள். கேட்டால் கடல் காற்றில் உப்புப் பிடித்துவிடும் என்பார். அவரை மட்டும் சொல்லியும் குற்றமில்லை, நம் தெருவில் எந்த வீட்டுச் செற்றியில் உட்கார்ந்தாலும் அது பொலித்தீன் சத்தம்தான் போடும். கொம்பியூட்டர்ச் சாமான்கள் கொழும்பிலிருந்து வந்த அன்றைக்கு, ஜும்ஆ முடிந்த கையோடு, றிஸ்னா ஹோலில் பாயை விரித்து வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். வாப்பா ஸ்குறூவைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார். பெட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அவள் உரிக்கப் போக, வேண்டாம், புதுசு கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டார். அசருக்குப் பாங்கு சொன்னதும் அவள் புரொசசரில் சூடு கடத்துகிற பேஸ்ட்டைப் பூசிவிட்டு, ஒன்றிலும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லித் தொழப் போனாள். இவருக்குக் கை சும்மா இருக்குமா. மகளுக்கு உதவி செய்கிறேன் என்று, சூட்டை இழுக்கிற கூலரை எடுத்து, புரொசசருக்கு மேலே வைத்து, பிஸ்மி சொல்லி இறுக்கிவிட்டார். கூலரின் அடியில் மெல்லிசாக ஒரு பொலித்தீன் ஒட்டியிருந்ததாம், அதில் இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்ததாம், கண்ணாடி போடாததால் அது கம்பனிப் பெயர் என்று நினைத்தாராம். கழற்றிவிட்டுப் பூட்ட வேண்டும் என்றுதான் அதில் எழுதியிருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

சுவிட்சைப் போட்டதும் கொம்பியூட்டர் வேலை செய்தது, கலர் கலராக லைட்டும் வந்தது, எல்லாருக்கும் சந்தோசம். வாப்பாதான் முதலில் கிரிக்கெட் கேம் விளையாடினார். அவர் அடித்த பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. பிறகு றிஸ்னா மத்ரஸாப் பரிசளிப்பு வீடியோவை வெட்டி ஒட்டி முடித்து ரெண்டருக்குப் போட்டாள், பாதியில் அதுவும் அணைந்தது. திரும்பப் போட்டால் திரும்ப அணைகிறது. பாவித்த சாமானை வாங்க வேண்டாம் என்று நான் அப்பவே சொன்னேன் என்று வாப்பா தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. அந்தக் கதைதான் உன் காதுக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் பயந்ததற்குக் காரணம் வேறு மகன். நம் பின்வீட்டு ஸலாஹுதீன் குவைத்தில் லொறி ஓட்டுகிறார் அல்லவா, அவருடைய மகள் அப்னாவுக்கு நிக்காஹ் நாள் வைத்தாயிற்று, அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளை நிக்காஹ் செய்து கொடுக்கத் தன் இடத்தில் தம்பியை நிறுத்திவிட்டு அங்கிருந்து பார்க்க மட்டும்தான் அவரால் முடியும். சபையில் நிக்காஹ் நடக்கிற நேரத்தில் உள்ளே இருக்கிற பிள்ளையின் முகமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். கைப்போனில் ஒரு பக்கம்தானே காட்ட ஏலும், பெண்கள் இருக்கிற அறைக்குள் ஆண் கமராக்காரரை விடவும் மாட்டார்கள், அதனால்தான் றிஸ்னாவிடம் வந்தார்கள். இரண்டு கமராவையும் கொம்பியூட்டரில் சேர்த்து லைவ் போடுகிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த மனிசன் போன் எடுத்து அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “என்ட புள்ளய நான் ஒருக்காப் பாக்கணும் மகள், வேற ஒண்டும் வேணா.” நாள் கிட்ட வர வர றிஸ்னா சோற்றில் கை வைக்கவில்லை, சபை நடுவில் அணைந்தால் அந்த முகத்துக்கு என்ன பதில் சொல்வேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிக்காஹ்வுக்கு முதல் நாள்தான் பாண்டிருப்பிலிருந்து சுலக்சன் வந்தான். கரண்ட் கொடுக்கிற பெட்டியில் சந்தேகம் என்று தன் கொம்பியூட்டர்க் கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிப் பார்த்தான், அப்போதும் அணைந்தது. பிறகு சூடு எவ்வளவு என்று திரையில் பார்த்தவன் உடனே கூலரைக் கழற்றினான். அடியில் அந்தப் பொலித்தீன் பேஸ்ட் அப்பிக்கொண்டு அப்படியே இருந்தது. “இத ஆரு கழட்டாம விட்ட?” என்று கேட்டான். நானும் றிஸ்னாவும் வாப்பாவைப் பார்க்க, அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார், பாங்குக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. பொலித்தீன் நடுவில் கிடந்ததால் சூடு கூலருக்குப் போகவில்லையாம், சூடு ஏறினால் புரொசசர் தன்னைக் காப்பாற்றத் தானே அணைந்துவிடுமாம், அதனால் ஒரு சேதமும் இல்லை என்று சுலக்சன் சொன்னான். புதுப் பேஸ்ட் பூசிப் பூட்டினார்கள், வீடியோ கடைசி வரை ரெண்டர் ஆனது. றிஸ்னா என் மடியில் தலையை வைத்து அழுதாள். சுலக்சனுக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினேன்.

மறுநாள் கொம்பியூட்டரைப் பின்வீட்டுக்கு வாப்பாதான் தூக்கிப் போனார், வேறு ஒருவரையும் தொட விடவில்லை. ஸலாஹுதீன் வேலை உடுப்போடு லொறிக்குள் இருந்தே பார்த்தார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்ட நேரம் திரையின் ஒரு பக்கம் சபை, மறுபக்கம் அப்னா, அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “புள்ள, வாப்பா பாத்துட்டன்” என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது, அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அந்த அறையில் கண் கலங்காத ஆள் இல்லை. லைவ் கடைசி வரை அணையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் துஆ முடிந்ததும் எல்லாரும் அப்னாவின் தலையில் கை வைத்தார்கள், அவர் லொறிக்குள் தனியாக இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உன் நினைவாகவே இருக்கிறது.

சவளக்கடை வயல் வெட்டு முடிந்துவிட்டது, விளைச்சல் பரவாயில்லை. நீ வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கருவாட்டைக் கூட இருக்கிறவர்களுக்கும் கொடு. வாப்பாவிடம் பொலித்தீன் கதையை எடுத்துவிடாதே, பாவம், நேற்று அவராகவே பெட்டிக் கண்ணாடித் தாளை உரித்துவிட்டார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக. ஒன்றை மட்டும் மறக்காதே. றிஸ்னாவுக்கும் ஒரு நல்ல இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கிற அன்றைக்கு அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்க ஆள் கிடையாது, நான் ஒருவரையும் பிடிக்கவும் மாட்டேன். லைவே வேண்டாம் மகன், லீவை இப்போதே கேட்டு வை.

உன் வழி பார்த்திருக்கும் உம்மா,
சுபைறா