கண்ணாடிக்குக் கறுப்பு

3-6-46, திங்கள். பெரம்பலூர்

காலையில் முப்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் வயிற்றுக்கடுப்பு. இந்த ஊர்த் தண்ணீர் இப்படியே இருக்கும்வரை என் வைத்தியத்துக்குக் குறைவில்லை.

பதினோரு மணிக்குச் சம்மன் வந்தது. ஜூலை எட்டாம் தேதி திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி. அய்யம்பெருமாள் கொலைக் கேஸ். வெட்டுப்பட்டு மாட்டு வண்டியில் வந்தவன், என் காலரைப் பிடித்துக்கொண்டு "செல்லதுரை வெட்டிட்டான் சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் செத்தான். கேட்டது நான் ஒருத்தன்தான். கம்பவுண்டர் வெந்நீருக்குப் போயிருந்தான்.

செல்லதுரை வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெரிய பண்ணையின் தம்பி. இப்போது ஜெயிலில் இருக்கிறான். அண்ணன் வெளியில். நான் வாயைத் திறந்தால் தூக்கு, மூடினால் விடுதலை. திறக்கத்தான் போகிறேன்.

11-6-46

அந்தப் பண்ணையின் ஆள் ஒருவன், வேம்பு என்று பேர், பல்வலி என்று வந்தான். பல்லெல்லாம் கல் மாதிரி இருந்தது. எழுந்து போகும்போது சொன்னான்: "டாக்டர் கார்ல கண்ணாடி பளபளன்னு இருக்குதுங்க. பின் சீட்டுல நீங்க பேப்பர் படிக்கிறதுகூட ரோட்டோரம் நின்னாலே தெரியுது. பாடாலூர் பக்கம் அடிக்கடி பார்க்கிறோங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

12-6-46

பாடாலூரிலிருந்து ஒரு கேஸுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

15-6-46

காருக்குத் திரைச்சீலை தைக்க வீட்டில் சொன்னேன். மதலேனம்மாள் சிரித்தாள். "ஏங்க, நீங்க என்ன கோஷா பொம்பளையா?" வேம்பு வந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

திரை காற்றில் விலகும். பெயிண்ட் விலகாது. யுத்த காலத்தில் விமானத்துக்குப் பயந்து ஹெட்லைட்டுக்குப் பூசின கறுப்புப் பெயிண்ட் அரை டப்பா ஷெட்டில் கிடக்கிறது. பக்கக் கண்ணாடிகளுக்கும் பின் கண்ணாடிக்கும் தாராளமாக வரும்.

டிரைவர் தங்கசாமிக்குப் பிடிக்கவில்லை. "பின்னால வர்ற வண்டி எனக்குத் தெரியாதுங்களே எசமான்."

"கார் யாருடையது?"

"உங்களதுங்க."

"அப்புறம் என்ன?"

ஷெட்டுக்குப் போய்விட்டான். பத்து வருஷமாக என்னிடம் இருக்கிறவன். கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது.

18-6-46

மதலேனம்மாள் சமையல்கட்டிலிருந்தே சொன்னாள்: "உள்ள யாருன்னு தெரியாட்டி, யாரு போனாலும் நீங்கதான்னு நெனைக்க மாட்டானுங்களா? இப்பவாச்சும் என்னையும் புள்ளையையும் பார்த்தா விட்டுடுவானுங்க."

எரிந்து விழுந்தேன். பயத்தில் இருக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

பூசுவதா, வேண்டாமா?

22-6-46

அவளையும் பிள்ளையையும் ஏலாக்குறிச்சியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கேஸ் முடிந்து வரட்டும். இனி அந்தக் காரில் நான் மட்டும்தான். பூசிவிட வேண்டியதுதான்.

தங்கசாமியும் இருக்கிறான், இருந்தாலும் அவன் முன் கண்ணாடியில் நன்றாகத் தெரிவான்.

24-6-46

பூசியாயிற்று. தங்கசாமியே பூசினான், இரண்டு கோட்டு. வெயிலுக்காக என்று ஊரில் சொல்லிவைத்தேன். மாதா கோயில் உபதேசியார் சவரியார் நின்று பார்த்துவிட்டு, "என்ன டாக்டரே, கல்யாணப் பொண்ணைக் கடத்திக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

உள்ளே உட்கார்ந்தால் நடுப்பகலிலும் பேப்பர் படிக்க முடியவில்லை.

29-6-46

செட்டிகுளத்தில் ஒரு பிரசவக் கேஸ் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றத் தங்கசாமி நிறுத்தினான். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் என் பக்கத்துக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். அவன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு சாண்கூட இடைவெளி இல்லை.

"டாக்டர் உள்ள இருக்காரா?"

"இல்லீங்க, காலி வண்டி" என்றான் தங்கசாமி. கொஞ்சமும் தடுமாறவில்லை.

"காலி வண்டியாம்டா" என்று மற்றவனிடம் சொல்லிச் சிரித்தான். இருவரும் நம்பவில்லை.

3-7-46

காலியாகவே போனாலும் நான் உள்ளே இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

6-7-46, சனி

நாளைக் காலை வேட்டி துண்டோடு பஸ்ஸில் அரியலூர். அங்கிருந்து ரயில். மத்தியானம் தங்கசாமி காரை ஓட்டிக்கொண்டு பாடாலூர் ரோட்டில் திருச்சிக்கு வருவான். டயர் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

"எசமான் கார்ல வரலீங்களா?"

"அரியலூர்ல ஒரு நோயாளியைப் பார்க்கணும்."

"அங்கயே கொண்டாந்து விடுறேங்களே."

"சொன்னதைச் செய்யிடா."

அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாட்டேன் என்பானா? எங்கே மாட்டேன் என்பான்! சரிங்க எசமான் என்று போவான். பின்னே ஏன் சொல்லலை? அவன் சரிங்க என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு எதிரில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஒன்றும் நடக்காமலும் போகலாம்.

7-7-46. திருச்சி

ரயிலில் ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் நாலு மணிக்கு வந்திருக்க வேண்டும். ஆறாகிவிட்டது.

8-7-46

கோர்ட்டு வாசலில் ஏட்டு சொன்னார். பாடாலூருக்கு இந்தப் பக்கம் கட்டைவண்டியைக் குறுக்கே போட்டு மறித்திருக்கிறார்கள். "உள்ள யாரும் இல்லீங்க, சத்தியமா இல்லீங்க" என்று தங்கசாமி கத்தியது சோளக்காட்டில் இருந்த பொம்பளைகளுக்குக் கேட்டிருக்கிறது. கண்ணாடியை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். காலி. அத்தனை பேர் முகத்தையும் பார்த்துவிட்டவனை உயிரோடு விடுவானுங்களா? விடலை. தங்கசாமி போயிட்டான்.

அரை மணியில் கூண்டேறினேன். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், சொந்தக் கார் இருக்க ஏன் ரயிலில் வந்தீர் என்றார். அரியலூரில் நோயாளி என்றேன். அது ஒன்றுதான் பொய்.

டிரைவரைப் பறிகொடுத்த நிலையிலும் வந்து சாட்சி சொன்ன தைரியத்தை ஜட்ஜ் பாராட்டினார்.

14-7-46

மதலேனம்மாள் திரும்பிவிட்டாள். வந்ததும் ஒரே கேள்வி. "தங்கசாமிகிட்ட சொல்லித்தான் அனுப்பினீங்களா?"

"இல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இலை போடுகிறாள், பரிமாறுகிறாள், போய்விடுகிறாள்.

4-8-46, ஞாயிறு

செல்லதுரைக்குத் தூக்கு. பூசைக்குப் போன இடத்தில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காருக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, வெறும் கண்ணாடி. புது டிரைவரும் வந்துவிட்டான்.

பத்து மணிக்குத் தங்கசாமியின் பெண்சாதி பொன்னுத்தாய் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க எசமான். அவரு தெரிஞ்சுதான் போனாருங்களா, இல்ல தெரியாமப் போயி மாட்டிக்கிட்டாருங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் சொன்னேன், பொன்னுத்தாயி. தெரிஞ்சேதான் போனான்."

"அவரு அப்படித்தாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திரும்பினால் உள்கதவில் மதலேனம்மாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள். பிள்ளைக்குச் செருப்பு மாட்டினாள். ஏலாக்குறிச்சிக்காம். எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை. காரை எடுக்கச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"வேணாங்க. நாங்க பஸ்லயே போயிக்கிறோம்."