காகித முகமூடியும் ரெண்டு பட்டன் பாக்கெட்டும்

இன்று காலை ஒருவர் பச்சைக் கட்டம் போட்ட துணியைக் கொண்டுவந்து என் வெட்டு மேசைமேல் போட்டார். புதுத்துணியின் கஞ்சி வாசனை எழும்பியது. அவருக்குக் கழுத்தளவு எடுக்கும்போதே உன் அளவு வாயில் வந்துவிட்டது. பதினைந்தரை.

நீ முதலில் கடைக்கு வந்தபோது, மலையைப் பார்த்துக் கண்ணை மூடி உட்காருகிற வெளிநாட்டுக்காரர்களில் ஒருவன் என்று நினைத்தேன். எல்லாரும் அப்படி நினைக்கட்டும் என்றுதான் விடுமுறைக்கு விடுமுறை இந்த ஊரில் அறை எடுத்தாய் என்பது பிறகு தெரிந்தது. மெட்ராஸில் படித்த ஈரான்காரன் நீ. உங்கள் ராஜாவின் ஒற்றர்கள் அங்கேயும் இருந்தார்களாம். சாமியே இல்லை என்கிற ஆள் சாமியார்களுக்கு நடுவே ஒளிந்திருந்தாய்.

"வாங்க சாமி" என்பேன்.

"சாமி இல்ல மாஸ்டர், கம்யூனிஸ்ட்" என்று காதோடு சொல்வாய்.

"கம்யூனிஸ்ட்டுன்னா தாடி இருக்குமே? உனக்கு மீசை மட்டும்தான இருக்குது!"

ஜவுளிக்கடைத் தள்ளுபடியில் பச்சைக் கட்டத் துணியை மொத்தமாக வாங்கி வந்தாய். உனக்கும் உன்னோடு படித்த நாலு ஈரான்காரர்களுக்கும் சட்டை. அவர்கள் அளவைக் கேட்டால், "ஒருத்தன் என்னைவிட ஒரு விரல் கம்மி, ஒருத்தன் கொஞ்சம் தொப்பை ஜாஸ்தி" என்றாய். அதை வைத்தே தைத்தேன். ஐந்துக்கும் பாக்கெட்டின் மேல் ஒரு மூடி, அதற்கு ரெண்டு பட்டன். அது என் கைவரிசை. இந்த ஊரில் வேறு யாரும் வைக்க மாட்டார்கள்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு பத்திரிகையை என் மேசைமேல் பெருமையாக விரித்தாய். மெட்ராஸ் ஊர்வலப் படம். ராஜா ஒழிக என்று அட்டை பிடித்தவர்கள் எல்லார் முகத்திலும் காகித முகமூடி. முகம் தெரிந்தால் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாய்.

"இதுல நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்."

"மூணாவது ஆளு. பின்னாடி நாலு பேரும் உன் சேக்காளிங்க."

உன் சிரிப்பு நின்றுவிட்டது. "எப்படித் தெரியும்?"

"மூஞ்சிக்குக் காகிதம் கட்டினீங்க. சட்டை நான் தெச்சதாச்சே!"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாய். பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாய். பாஸ்போர்ட் புதுப்பிக்க எடுத்த படங்கள், திங்கட்கிழமை உங்கள் நாட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவை. பார்த்தால் அதே சட்டை, அதே பாக்கெட்.

நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி உனக்கு மாட்டி, ஸ்டூடியோவுக்கு விரட்டினேன். காலர் பட்டனைப் போட்டதும் உனக்கு முழி பிதுங்கியது. அந்தப் படம்தான் பாஸ்போர்ட்டில் ஏறியது. ஐந்து சட்டையையும் வாங்கிப் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டேன். பனியனோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "உங்களைக் கட்சியில சேத்துக்கலாம் மாஸ்டர்" என்றாய்.

அப்புறம் உங்கள் ராஜா ஓடினார். லட்டு வாங்கி வந்தாய். மதகுருமார்களும் உங்களோடு சேர்ந்துதான் போராடினார்கள் என்றாய். "ராஜாவ எறக்கிட்டு சாமியார ஏத்துறீங்களா? அதுக்கு இங்கயே இருந்துடேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டாய்.

உன் கடிதம் இங்கிலீஷில் வந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னார். உங்கள் இயக்கம் ரெண்டாகப் பிளந்துவிட்டதாம். மதகுருமார்களின் புது அரசு அமெரிக்காவை எதிர்க்கிறது, அதனால் ஆதரிப்போம் என்றவர்கள் அதிகம் பேர். நம்பாதே என்றவர்கள் கொஞ்சம் பேர். நீ அதிகம் பேர் பக்கம். இனி முகமூடி வேண்டாம், தெருவில் மேசை போட்டுப் பத்திரிகை விற்கிறோம், எல்லாரும் அரசாங்க நோட்டில் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தாய்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பேரு, விலாசம்லாம் எழுதிக் குடுத்துட்டாங்களாம்ப்பா. அது சரியா?"

"அவங்கதான் ஜெயிச்சிட்டாங்களே சார், இனிமே என்ன பயம்?" என்றேன். பதிலுக்கு, மூஞ்சியைக் காட்டித் தைரியமாக நட, மீசையை மட்டும் கொஞ்சம் குறை, ஜனங்கள் பயந்துகொள்ளப் போகிறார்கள் என்று எழுதச் சொன்னேன்.

அதன்பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சில வருஷம் கழித்து அந்தத் தொப்பைக்காரன் வந்தான். அவன் கொஞ்சம் பேர் பக்கமாம், ஊருக்கே திரும்பவில்லை. நீங்கள் ஆதரித்தவர்களே உங்களைப் பிடித்தார்கள் என்றான். தேடவே வேண்டியிருக்கவில்லையாம், அந்த நோட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்களாம். உன்னைச் சிறையிலேயே கொன்றுவிட்டார்கள். பக்கம் மாறிப்போனதில் உன்னோடு கடைசி வரை பேசவில்லை என்று சொல்லிவிட்டு, தையல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பதிலை நீ பத்திரிகை மேசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிச் சிரித்ததையும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான்.

ஜாக்கிரதை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினாலும் கேட்டிருக்க மாட்டாய். ஆனாலும் எழுதியிருக்கலாம்.

இப்போதும் கடைக்கு வருகிறவர்களை நான் கிண்டல் செய்யாமல் விடுவதில்லை. போன மாதம் ஏதோ சங்கத் தேர்தலில் ஜெயித்தவன் ஒருவன் மாலையோடு வந்து கை கொடுத்தான். கையை விடாமல், "பேரு, விலாசம் எங்கயாச்சும் எழுதிக் குடுத்திருக்கியா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான், வழக்கமான என் கிண்டல் என்று நினைத்து.