ஓர் எழுத்து விட்டுப்போன ஊர்

அண்ணே,

இன்று காலை சின்னமனூரில், மலைக்குப் போகும் ஜீப் ஒன்றின் கண்ணாடியில் 'ஹைவேஸ்' என்று எழுதியிருந்தது. 'ஹைவேவிஸ்' என்று எங்கள் ஊர்ப் பெயரை எழுத வந்தவர் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். பதினெட்டு வயதில் நானும் அதையேதான் செய்தேன். நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. இதை இனி யாரிடம் சொல்லிச் சிரிப்பேன்?

நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தபோது எங்கள் மலை முகவரியை இங்கிலீஷில் அவசரமாக எழுதியிருந்தேன். அதனால் நேர்முகத் தேர்வுக் கடிதம், நீங்கள் பியூனாக இருந்த ஹைவேஸ் ஆபீசுக்குப் போய்விட்டது. திருப்பி அனுப்பச் சொன்னார்களாம். தேதிக்கு இரண்டே நாள் இருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். தேயிலை லாரியில் ஏறி, நனைந்து, எங்கள் எஸ்டேட் லயன் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏத்தா, ஒனக்கு வந்த தபாலு. இது திரும்பிப் போயி எப்ப வந்து சேர? அதான் கொண்டாந்துட்டேன்."

அப்பா கொடுத்த டீயைக் குடித்தபடி கேட்டீர்கள்: "எங்க ஆபீஸ் பேர எதுக்கு ஊருக்கு வச்சீக?"

"அது வேற, இது வேறய்யா," என்றார் அப்பா. "ஹைன்னா உசரம். வேவின்னா அலை அலையா இருக்கது. மலை அப்படித் தெரிஞ்சுச்சுன்னு தொரைமாரு வச்ச பேராம்."

மழை விட்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாய்ப் போகும் முகடுகளை நெடுநேரம் பார்த்தீர்கள். "நான் கடலே பாத்ததில்ல. அலைன்னா இப்படித்தான் இருக்கும் போல."

அங்கேயே பிறந்த எனக்கு அதுவரை அது வெறும் முகவரி. அன்றுதான் அந்தப் பெயருக்குள் மலையைப் பார்த்தேன்.

"பொம்பளப்பிள்ளயத் தனியா மதுரைக்கு எப்படி அனுப்ப?" என்று அப்பா தயங்கினார்.

"நானும் எஞ்சம்சாரமும் கூட்டிட்டுப் போறோம்," என்றீர்கள். அப்படியே போனோம். இடம் கிடைத்தது.

உங்கள் காரியத்தன்று அண்ணிதான் சொன்னார்கள்: "சொல்லாமக் கொள்ளாம மலைக்குப் போனதுக்கு ஆபீசுல அவுகளுக்கு மெமோ குடுத்தாக. ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டாக." இத்தனை வருடத்தில் நான் உங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தீபாவளிக்குக்கூட உங்கள் வாய் தவறவில்லையே, அண்ணே.

போன வாரம் ஒரு பெரியவர் வேறோர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு எங்கள் வார்டுக்கு வந்தார். "இங்கன இல்ல, போங்க" என்றாள் சின்ன நர்ஸ். வார்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அவரை வண்டியில் ஏற்றி உரிய இடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன்.

பணிநேரத்தில் வெளியே போனதற்கு விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.