அந்த நீலக் கோட்டு

சாஸ்காட்சுவான், கனடா
28 ஆகஸ்ட் 1920

என்னைவிட ஒன்பதே வயது சிறிய என் மகள் ப்ரோன்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் உன் அப்பாவும் இரண்டு எருதுகளும் நலம். சிகாகோவில் உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. அறுவடையால் எனக்கு எழுதத் தாமதமாகிவிட்டது.

ஜூன் கடைசிப் புதன்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கோட்டைக் கழற்றுங்கள் என்று உன் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்று நிலத்தைப் பார்க்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. குடியிருந்து உழுதவனுக்குத்தானே இந்த இனாம் நிலத்துக்கு அரசாங்கம் பட்டா கொடுக்கும். உன் அப்பா வலெந்தி இங்கே குடியிருக்கவில்லை, நிலம் காலி, எனக்குக் கொடுங்கள் என்று பக்கத்து நிலத்து இக்னாட்ஸி மனுப் போட்டிருந்தான். இந்த மாதிரி நாளில் கணக்குக் காட்ட இங்கே எல்லோரும் மாடுகளை இரவல் வாங்கிக் கட்டிவைப்பார்கள், நானும் இரண்டு பசு வாங்கி வைத்திருந்தேன். உன் அப்பாவோ படையிலிருந்து திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை, பெரிய மனிதர் வருகிறாரே என்று போலந்துப் படையின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு பதக்கத்தோடு வாசலில் நிற்கிறார். இரண்டரை வருடம் நான் இங்கே இல்லை என்று பலகை எழுதி மாட்டியது போல. ஆனால் போலந்தை அந்நியர் ஆண்ட நாளில் நம் மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியவர் அவர். அந்தக் கோட்டை ஒளித்துவைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவல் பசுக்களையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் அந்த நீலக் கோட்டையே பார்த்தார். இக்னாட்ஸி வேலியோரம் நின்று, "என்ன பட்டாளத்தாரே, கலப்பைய வார்சாவுலயே விட்டுட்டு வந்துட்டீரா?" என்றான். எத்தனை ஏக்கர் உழுதீர் என்று இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். உன் அப்பா, "ஒரு சாண்கூட நான் உழல. சண்டைக்குப் போயிருந்தேன். உழுதது பூரா என் பொண்டாட்டின்னு சொல்லு. எதையும் முழுங்காமச் சொல்லு, ரொஸாலியா" என்றார். ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மத்தியானம் வரை நடந்து அளந்தார். உழுதிருந்தது முப்பத்தேழு ஏக்கர். திரும்பி வந்து, "குடும்பம் இங்கயேதான் இருந்திருக்கு, மண்ணும் உழுதிருக்கு. இதக் காலி நிலம்னு எவன் சொன்னது?" என்று வேலிப் பக்கம் பார்த்தார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை, இக்னாட்ஸி தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். உன் அப்பா எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "தளபதியம்மா, அடுத்த உத்தரவு?" என்றார். எருதுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னேன்.

நம் தலைநகர் வார்சாவும் ரஷ்யப் படையிடமிருந்து தப்பிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து அவர் விசில் அடித்தபடியே கதிர் கட்டுகிறார். உன் அம்மாவின் கல்லறையில் புதுக் கோதுமைக் கதிர் வைத்தோம். குளிர் வருமுன் கம்பளிக் காலுறை வாங்கிக்கொள், ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன் சித்தி,
ரொஸாலியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தபால்வண்டி வந்தது. பட்டா வந்துவிட்டது. மொத்த நிலமும், நூற்று அறுபது ஏக்கர்.