ஆம்ஸ்டர்டாமில் தண்ணீரை நம்பி நடந்த நாள்

இன்று காலை கோட்டைக் கரையில் ஒரு பீப்பாயைத் திறந்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் அதே உப்பு மீன். மூடியைத் தட்டிக் கழற்றியதும் அந்த நாற்றம் வந்து மூக்கில் அறைந்தது. கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டேன். நீ போய் இன்றோடு இருபது நாள். உன் காரியத்தில்கூட அழாதவன், ஒரு பீப்பாய் மீனுக்கு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆம்ஸ்டர்டாமில் நாம் அதைத் தின்ற நாள்தான் நினைவுக்கு வந்தது. நீ, நான், நம்மோடு கப்பல் பாய் இழுத்த காசிம். மூன்று பேரும் பழவேற்காடு. ஒல்லாந்தர் கப்பலில் ஆள் குறைந்தது என்று நம்மை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பும் கப்பலுக்காக அந்தக் குளிரில் மாதக்கணக்கில் கிடந்தோம். கடைசியில் கப்பல் புறப்படும் நாளில்தான் ஊரைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் துறைக்கு வந்துவிட வேண்டும், படகு வந்து ஏற்றிக்கொள்ளும், தவறினால் அடுத்த வருஷத்துக் கப்பல்தான் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கும் காசிமுக்கும் அது வெறும் பயம். உனக்கு அப்படி இல்லை. நீ கப்பல் ஏறும்போது உன் மனைவிக்கு ஐந்து மாதம். பிறந்தது ஆணா பெண்ணா, தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்றுகூடத் தெரியாமல்தான் அன்று எங்களோடு நடந்தாய்.

ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் நடந்தாய். தள்ளுவண்டிக்காரி ஒருத்தி மீனை வாலில் பிடித்து அண்ணாந்து வாயில் விட்டுக் காட்டினாள். “வேகவே வைக்கலியேடா!” என்று காசிம் அலறினான். “நம்ம ஊர்ப் பூனைகூட இத்த யோசிச்சித்தான் துன்னும்” என்று சொன்ன நீ, இரண்டு தின்றாய். வீடுகளின் உச்சியில் கொக்கி மாட்டி, பெரிய பெட்டியைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக மேலே ஏற்றினார்கள். “வாசப்படிய வைக்க மறந்துட்டானுங்களா?” என்று கேட்டாய். ஒரு சீமாட்டி நம் ஊர் பூப்போட்ட துணியில் பாவாடை கட்டிக்கொண்டு போனாள். நீ நாலடி அவள் பின்னாலேயே போய்விட்டாய். “நம்ம துணிடா, நம்ம துணி” என்று திரும்பி வந்து எங்களிடம் சொன்னபோது உன் கண் கலங்கியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மேகம் மூடிக்கொண்டது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எந்தத் தெருவுக்குப் போனாலும் நடுவே ஒரு கால்வாய், அதன் மேல் ஒரு பாலம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள். வழி கேட்கலாம் என்றால் கயிற்றை இழு, பாயை இறக்கு என்பதைத் தவிர நமக்கு அவர்கள் பாஷை தெரியாது. அப்போதுதான் நீ படிக்கட்டில் இறங்கி, தண்ணீரில் கையை விட்டாய்.

நான் கடலுக்குப் போகிறவன். நீ ஏரிக்காரன். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற உங்கள் ஆட்களுக்கு விரலில்தான் கண். வற்றுகிற தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போனால் முகத்துவாரம். பழவேற்காட்டில் அது ஒருநாளும் தவறியதில்லை. “தண்ணி வத்துது. இது போற பக்கம்தான் கடலு. வாங்கடா” என்றாய்.

“அதோ ஒருத்தன் கயிறு சொமந்துக்கினு போறான் பாரு. அவன் கப்பலுக்குத்தான் போவான். அவன் பின்னால போலாம்” என்றேன் நான்.

“மனுசன் எங்கனா போவான்டா. தண்ணி கடலுக்குத்தான் போவும்.”

போனோம். ஒரே பாலத்துக்கு மூன்று முறை வந்தோம். வாசலைக் கழுவிக்கொண்டிருந்த பெண் மூன்றாம் முறை நம்மைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் ஒரு கால்வாயின் குறுக்கே பெரிய மரக்கதவுகள். ஒருவன் எதையோ சுற்றினான், கதவு திறந்தது, அதுவரை ஒரு பக்கம் போன தண்ணீர் மறுபக்கம் திரும்பியது. நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். “தண்ணிக்கே கதவு போட்டிருக்கானுங்களேடா!”

காசிம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஒன் புத்தியக் கொண்டும்போயி ஏரியில போடு! ஒன்னாலதான்டா மூணு பேரும் இங்க குளுர்ல சாவப்போறோம்!” என்று நடுத்தெருவில் கத்தினேன்.

ஓடினோம். ஈரக் கல்லில் காசிம் வழுக்கி விழுந்தான். கணுக்கால் பிசகி, ஊன்ற முடியவில்லை. நீ அவனை முதுகில் தூக்கிக்கொண்டாய். “நீ ஓடு. படக நிறுத்தி வையி. நாங்க பின்னாலயே வந்துடறோம்” என்றாய்.

கயிறு ஏற்றிய ஒரு வண்டியைக் கண்டு, அதன் பின்னாலேயே ஓடித் துறைக்குப் போய்ச் சேர்ந்தேன். படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். காலையில் நம்மை இறக்கிவிட்டவனே அவன். என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான். பிறகு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான்.

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

மூன்று பேர் என்று காட்டினால், போய் அவர்களைக் கூட்டி வா என்பான், நான் போனதும் படகை எடுத்துவிடுவான் என்று பயந்தேன். உன் மேல் கோபமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஊருக்கு வந்து உன் மனைவியிடம், “கெஞ்சிப் பாத்தேம்மா, படகுக்காரன் நிக்கல” என்றேன். உன் மகள் அப்போது தத்தித் தத்தி நடந்தாள். தினமும் மீன் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பையன்கள் என்னை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் நைனா என்றாள். அடுத்த வருஷத்துக் கப்பலில் நீ வந்து இறங்கியபோது அவள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “நைனா, யாரு இவரு?” என்று கேட்டாள். நீ சிரித்தாய். போகப் போக உன்னை அப்பா என்றாள். நைனா மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுமட்டுமா? ஊரெல்லாம் கதை சொன்னாய். நான் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேனாம், படகுக்காரன் துடுப்பால் என் கையில் அடித்தானாம். சொல்லச் சொல்ல அடி கூடிக்கொண்டே போனது. மலாக்காவுக்குப் போய்த் தங்கிவிடும்வரை காசிமும் சேர்ந்து தலையாட்டினான். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று பீப்பாயைப் பார்த்துவிட்டு நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் மகள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். “நைனா, அப்பா இல்ல, இனிமே நீதான் சொல்லணும். கயித்தப் புடிச்சிக்கினு அழுதியே, அத்தச் சொல்லு. பசங்க கேக்குதுங்க” என்றாள்.

நடந்ததைச் சொன்னேன், விரலைக் காட்டியது வரைக்கும்.

அவள் கை நின்றது. “அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பாவுக்கு?”

“நான் சொல்லல.”

மிச்சமிருந்த மீனையும் ஆய்ந்து முடித்தாள். குழம்பு வைத்தாள். இலையைப் போட்டுவிட்டு, நான் உட்கார்ந்திருந்த வாசலுக்கு வந்தாள்.

“மாமா, சாப்புட வாங்க” என்றாள்.

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நைனா என்கிற அந்த ஒரு சொல் உன்னுடையதடா. இத்தனை வருஷம் நான் வைத்திருந்தேன், இன்று உன்னிடம் வந்துவிட்டது. என்னிடம் இப்போது மிச்சம் இருப்பது அந்த ஒரு விரல்தான்.