எட்மண்டன் மண்டபத்து அரண்மனைக் கதவு

நேற்று லண்டன் எட்மண்டன் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. குசினிக் கதவு திறந்ததும் வடை எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கதவைத்தானே அந்தக் காலத்தில் நம் நாடகத்துக்கு நீ கிரேக்க அரண்மனை வாசலாக்கினாய்.

நம் நாடகத்தை இருபத்திரண்டு பேர் பார்த்தார்கள். இருபத்திரண்டாயிரம் என்றுதான் நான் லண்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நடுவில் ஆடுகளமாக ஒரு வட்டம், பின்னால் ஒரு கதவு. வேறொன்றும் வேண்டாம் என்றாய். அரசன் மகன் கதவுக்கு உள்ளே சாவான். தூதனான நான் வெளியே வந்து அதைத் தாய்க்குச் சொல்ல வேண்டும்.

"சாவு உள்ளுக்கை. சொல்லுத்தான் வெளியிலை. விளங்குதோ?"

ஒத்திகையில் ஏழு கடலும் வற்றும்படி முழங்கிக்கொண்டு வந்தேன். தாயாக நடித்தவரின் முகத்தைப் பார்த்ததும், நம் வழக்கப்படி, "பிள்ளைக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்று தொடங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"டேய், செத்தவனுக்கு என்னடா சுகமில்லை?"

"எடுத்த உடனை எப்பிடியடா சொல்லுறது? ஊரிலை ஆர் அப்பிடிச் சொல்லுறவை?"

"இது ஊரில்லை. சொல்லிப் பழகு."

பழகினேன். நாடகத்தன்று பிசகாமல் சொன்னேன்.

அடுத்த மாரிக் குளிரில் ஊரிலிருந்து எனக்குப் போன் வந்தது. உன் அறையில் போன் இல்லாததால் உன் செய்திகளும் என்னிடம்தான் வரும். உன் தம்பி ஷெல் விழுந்து இறந்துவிட்டான். அவனை லண்டனுக்கு எடுக்க நீ அலைந்துகொண்டிருந்த நேரம். ரயிலேறி விம்பிள்டன் வந்து உன் கதவைத் தட்டினேன்.

"என்னடா, மூஞ்சை ஒரு மாதிரி இருக்கு?"

"தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்."

நீ நம்பினாய். என்னைத் திருத்திய நீயே நம்பினாய். நாலு நாள். அதற்குள் அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போய், வந்தால் அவனுக்குக் குளிருமே என்று ஒரு தடித்த கோட்டு வாங்கினாய். கோயிலில் யாரோ துக்கம் விசாரித்தபோதுதான் உனக்குத் தெரிந்தது. அன்று பின்னேரமே வந்து, கோட்டை என் கையில் தந்துவிட்டுப் போனாய். அதோடு நாடகமும் இல்லை, நமக்குள் பேச்சும் இல்லை.

போன மாதம் நீ இறந்ததைக் கடையில் ஒருவர் சொன்னார். "அவர் செத்துப்போனார் அண்ணை." அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

கோட்டு என் அலுமாரியில் இருக்கிறது. என் தோளுக்கு ஏறாது. யாருக்கும் கொடுக்கவும் ஏலாது. ஒவ்வொரு மாரியும் எடுத்து உதறி, திரும்பக் கொழுவுகிறேன்.